பத்து ரூபாய் ஸ்டாம்ப், ஏழு ரூபாய்க்கு!

சந்தைக்குப் போனால் எதை எடுத்தாலும் விலை கேட்க வேண்டியிருக்கிறது. கத்தரிக்காய் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. புடவைக் கடையில் சொன்ன விலை ஒன்று, பேரம் பேசி முடித்த விலை இன்னொன்று. தன் விலையைத் தானே நெற்றியில் எழுதிக்கொண்டு நடமாடும் ஜீவன்கள் கொஞ்சம்தான். ஒன்று ரூபாய் நோட்டு. இன்னொன்று, தபால் ஸ்டாம்ப்!

ஐந்து ரூபாய் என்று போட்டிருந்தால் ஐந்து ரூபாய். போஸ்ட் ஆபீஸ் கவுண்ட்டரில் ‘போட்டுக் கொடுங்க ஸார்’ என்று பேரம் பேசியவர் யாருமில்லை. ஆடித் தள்ளுபடி கிடையாது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் கிடையாது.

இப்படிப்பட்ட பொருளை வாங்கப் போய் யாராவது ஏமாற முடியுமா?

பேஷாக முடியும்! செல்போன் திரையில் ஸ்டாம்ப் வியாபாரம் நடக்க ஆரம்பித்த பிறகு ரொம்ப சுலபமாகவே முடியும். ஸ்டாம்ப்பின் முகத்தில் விலை இருக்கிறது, சரி. விற்கிற ஆசாமியின் முகம்தான் தெரிவதில்லை!

<b>‘ஆளு எங்க?’</b>

விழுப்புரம் மாவட்டம் முகையூரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் ஓர் ஊராட்சி ஒன்றியமே உண்டு. 2006 தேர்தல் வரை ஒரு சட்டசபைத் தொகுதிக்கே பெயர் கொடுத்த ஊர். இருந்தாலும் ஸ்டாம்ப் சேகரிப்புக்கென்று தனிக்கடை கிராமத்துப் பக்கம் ஏது? அங்கே எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவனுக்கு இந்த ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குக் கடை, அப்பாவின் செல்போன்தான்.

ஒருநாள் அதில் ஒரு விளம்பரம் வருகிறது. ‘அபூர்வ காந்தி ஸ்டாம்ப், 1948, பத்து ரூபாய். விலை வெறும் 499. இன்று இரவு 12 மணி வரை மட்டும்!’

“அப்பா, காந்தி ஸ்டாம்ப்பு ஐந்நூறுக்குத் தர்றாங்களாம்பா!”

“எந்தக் கடையில?”

“கடை இல்லப்பா, போன்ல.”

“யாரு விக்கிறது?”

“போட்டோ போட்ருக்காங்க.”

“ஆளு போட்டோவா, ஸ்டாம்ப்பு போட்டோவா?”

“ஸ்டாம்ப்பு போட்டோதான்.”

“அப்ப ஆளு எங்க?”

நாலு காசு போட்டு மாடு வாங்கி, பல்லைப் பிடித்துப் பார்த்துப் பழகிய அப்பா. அவர் கேட்ட கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்காமல் பணம் அனுப்பியவர்கள்தான் ஏமாந்தவர்கள் எல்லோரும்.

<b>காந்தி தாத்தாவுக்கே போலி</b>

அந்த 499 ரூபாய் விளம்பரத்தை ஏன் நம்பக் கூடாது? அதற்கு அந்த ஸ்டாம்ப்பின் ஜாதகம் தெரிய வேண்டும்.

1948 ஆகஸ்ட் 15. சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு. அந்த வருஷம் ஜனவரியில் காந்திஜி மறைந்திருந்தார். அவர் நினைவாக நான்கு ஸ்டாம்ப்கள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். அச்சடித்த இடம் நாசிக் இல்லை, சுவிட்சர்லாந்து! அங்குள்ள கூர்வாசியே கம்பெனியில் ‘ஃபோட்டோகிரேவ்யூர்’ முறையில் அச்சானவை. அந்தக் காலத்தில் 10 ரூபாய் கொடுத்து ஸ்டாம்ப் வாங்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? அதனால் பத்து ரூபாய் ஸ்டாம்ப்புக்கு ஆரம்பத்திலிருந்தே கிராக்கி. இன்று நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் ஆயிரக்கணக்கில் விலை போகிறது.

இதற்கு ஒரு ‘பெரியண்ணன்’ வேறு உண்டு. அதே காந்தி ஸ்டாம்ப்பின் மேல் ‘சர்வீஸ்’ என்று ஆங்கிலத்தில் கூடுதலாக அச்சடித்து, கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் வேறு யாருமில்லை, நம் ராஜாஜிதான்! நூறு செட்தான் அச்சானது என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அந்த பத்து ரூபாய் ‘சர்வீஸ்’ ஸ்டாம்ப் நான்கு சேர்ந்தாற்போல் இருந்த ஒரு துண்டை, 2017-ல் லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்றது. விலை 5 லட்சம் பவுன். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு நான்கு கோடி ரூபாய்க்கு மேல்!

நான்கு கோடி என்று காதில் விழுந்ததும் கள்ள அச்சுக்காரனுக்குக் கை அரிக்காதா? சாதாரண ஸ்டாம்ப்பின் மேல் ‘சர்வீஸ்’ என்று ஒரே ஒரு வார்த்தை அச்சடித்தால் போதுமே! சில பேருக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம். ஸ்டாம்ப்பையே முழுசாக அச்சடித்து விடுகிறார்கள். இன்றைய கலர் அச்சில் எடுத்த நகலாக இருந்தால், பத்து மடங்கு லென்ஸ் வைத்தாலே நீலம், சிவப்பு, மஞ்சள் என்று புள்ளிகள் தனித்தனியே கோலம் போட்டுக்கொண்டு நிற்கும். ஒரிஜினலில் அந்தப் புள்ளிக்கோலம் கிடையாது. ஆனால் செல்போன் படத்தில் லென்ஸ் வைத்து என்ன பிரயோஜனம்? தெரிவது செல்போனின் புள்ளிதான்!

<b>பக்கத்திலேயே ஒரு பிரெஞ்சுக் கதை</b>

விழுப்புரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே புதுச்சேரி. 1892 முதல் அங்கே பிரெஞ்சு இந்தியாவின் சொந்த ஸ்டாம்ப். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா வசம் வரும் வரை அந்த ராஜ்ஜியம் நடந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்ததும், புதுச்சேரி கவர்னர் லூயி போன்வேன் ஜெனரல் டி கால் பக்கம் சேர்ந்தார். கையிலிருந்த பழைய ஸ்டாம்ப்களின் மேல் ‘பிரான்ஸ் லீப்ர்’, அதாவது ‘சுதந்திர பிரான்ஸ்’ என்று அச்சடித்து 1941 முதல் ஓட்டினார்கள். அவற்றில் சில வகைகள் வெகு சொற்பம். அதனால் அந்த இரண்டு வார்த்தையைத் திருட்டுத்தனமாக அச்சடித்த ஸ்டாம்ப்களும் உலாவுகின்றன.

‘பாண்டிச்சேரியில் எங்க தாத்தா வீட்டுப் பெட்டியில் கிடைத்தது’ என்று ஒருவர் இணையத்தில் விற்றால், பெட்டியும் தாத்தாவும் நிஜமாகவே இருக்கலாம். ஸ்டாம்ப்புக்கு மட்டும் தனி அத்தாட்சி கேளுங்கள். தாத்தா கதைக்குக் காசு கொடுக்கக் கூடாது.

கண்ணால் பார்த்தே கண்டுபிடித்து விடுவேன் என்று மார் தட்டுகிறவர்களுக்கு ஒரு சம்பவம். இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த ஜான் டி ஸ்பெராட்டி என்று ஒரு மகா கெட்டிக்காரர். 1942-ல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய ஸ்டாம்ப்களை பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள். ‘விலை உயர்ந்த அபூர்வ ஸ்டாம்ப்களை வரி கட்டாமல் கடத்துகிறீர்!’ என்று குற்றச்சாட்டு. ‘ஐயா, இதெல்லாம் நானே அச்சடித்த நகல்’ என்றார் ஸ்பெராட்டி. நிபுணர்கள் பார்த்துவிட்டு, ‘இல்லை, எல்லாம் அசல்தான்’ என்று சான்று கொடுத்தார்கள்! தான் கள்ள அச்சுக்காரன் என்பதை நிரூபிக்க மனிதர் படாத பாடு பட்டார். கடைசியில் 1954-ல் அவருடைய சரக்கையும் கருவிகளையும் பிரிட்டிஷ் பிலாட்டலிக் அசோசியேஷன் விலைக்கு வாங்கியது, மேற்கொண்டு யாரும் ஏமாறாமல் இருக்க.

நிபுணருக்கே அந்தக் கதி. நாம் எம்மாத்திரம்?

<b>புது ஸ்டாம்ப்பிலும் கோல்மால்</b>

‘எனக்கு இந்தச் சேகரிப்புப் பைத்தியமெல்லாம் கிடையாது. கல்யாணப் பத்திரிகை ஐந்நூறு அனுப்பணும், ஸ்டாம்ப் வேணும், அவ்வளவுதான்’ என்கிறீர்களா? உங்களுக்கும் வலை உண்டு. ‘பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஏழு ரூபாய்க்கு, எத்தனை வேண்டுமானாலும்!’ என்பது அந்த வலையின் பெயர்.

கொஞ்சம் யோசியுங்கள். அசல் ஸ்டாம்ப்பை அவர் அஞ்சலகத்தில் பத்து ரூபாய்க்குத்தான் வாங்கியிருக்க முடியும். ஏழு ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொன்றிலும் மூன்று ரூபாய் நஷ்டம். பழைய கம்பெனி மூடும்போது மீந்த நாலு ஷீட்டை யாராவது தள்ளி விடலாம், நியாயம். ஆனால் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கிற தள்ளுபடி ஸ்டாம்ப்புக்கு வழிகள் சொற்பம்: கள்ள அச்சு, திருட்டுச் சரக்கு, அல்லது முத்திரை மையைக் கழுவி எடுத்த பழைய ஸ்டாம்ப். நாலாவதாகவும் ஒன்று உண்டு. பணம் போகும், ஸ்டாம்ப்பே வராது!

கழுவிய ஸ்டாம்ப் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்க ஸ்டாம்ப்பைக் கள்ளத்தனமாக அடிப்பது, போலி என்று தெரிந்தே உபயோகிப்பது, ஏற்கெனவே உபயோகித்ததை மறுபடி ஒட்டுவது, முத்திரையை அழிப்பது எல்லாமே 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதைப்படி குற்றம். அதற்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்திலும் குற்றம்தான்.

வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தலைவலி இன்னும் ஜாஸ்தி. பிரிட்டனில் ராயல் மெயில், ஸ்டாம்ப்பில் பார்கோடு போட ஆரம்பித்து, 2023 ஜூலை 31-க்குப் பிறகு பார்கோடு இல்லாத சாதாரண ராணி ஸ்டாம்ப் செல்லாது என்றது. போலி ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் வந்தால், வாங்குகிறவர் 5 பவுன் கட்ட வேண்டியிருந்தது. அனுப்பியவர் அறியாமல் வாங்கிய போலி, தண்டம் அழுதது பெற்றுக்கொண்டவர்! கூச்சல் கிளம்பி, 2024-ல் அந்த வசூலை நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்காவில் தபால் துறையின் போலீஸ் பிரிவே, இணையத்தில் பாதி விலை ‘ஃபாரெவர்’ ஸ்டாம்ப்களை நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. போலி ஸ்டாம்ப் ஒட்டிய தபாலைக் கேட்பாரற்ற தபாலாகக் கருதி, பிரித்துப் பார்த்து அப்புறப்படுத்தவும் அங்கே விதி இருக்கிறது. டெக்ஸாஸிலிருந்து அத்தை அனுப்பிய தீபாவளி வாழ்த்து திருக்கோவிலூருக்கு வரவே இல்லை என்றால், காரணம் அந்த ஓரத்து ஸ்டாம்ப்பாகக் கூட இருக்கலாம்.

<b>மாட்டுக்குப் பல், ஸ்டாம்ப்புக்கு?</b>

சரி, இணையத்தில் வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம். நேர்மையான வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குமுன் பிடித்துப் பார்க்க வேண்டிய ‘பற்கள்’ இவை:

1. <b>இரண்டு பக்கமும் படம்.</b> ஸ்டாம்ப்பின் முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் வேண்டும். பசை போனது, கிழிந்து ஒட்டியது, மெலிந்தது எல்லாம் முதுகில்தான் தெரியும். சந்தேகமா? ‘இன்றைய பேப்பர் தேதி தெரிகிற மாதிரி ஸ்டாம்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்க’ என்று கேளுங்கள். சரக்கு கையில் இருப்பவர் ஐந்து நிமிஷத்தில் அனுப்புவார். இல்லாதவருக்குக் கோபம் வரும்.

2. <b>விற்பவரின் பழைய கணக்கு.</b> எத்தனை வருஷமாக விற்கிறார், வாங்கினவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘சூப்பர்’, ‘குட்’ என்று ஒரே நாளில் நாற்பது பாராட்டு வந்திருந்தால், நாற்பதும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளாக இருக்கலாம்.

3. <b>திருப்பி எடுப்பாரா?</b> ‘போலி என்று நிபுணர் சொன்னால் பணம் வாபஸ்’ என்று எழுத்தில் வாங்குங்கள். விலை அதிகமான ஸ்டாம்ப்புக்கு நிபுணர் சான்றிதழ் கேளுங்கள். லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. சான்றிதழிலும் போலி உண்டு, எண்ணைக் கொடுத்தவரிடமே சரிபார்ப்பது உத்தமம்.

4. <b>பணம் போகும் பாதை.</b> விற்பனைத் தளத்தின் உள்ளேயே பணம் கட்டுங்கள். ‘தளத்துக்குக் கமிஷன் எதுக்கு ஸார், நேரா என் நம்பருக்கு அனுப்புங்க, நூறு ரூபா குறைச்சுக்கறேன்’ என்றால், அந்த நூறு ரூபாய்தான் தூண்டில் புழு.

5. <b>பின் நம்பர்.</b> யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், பணம் வாங்க வேண்டாம். ‘ரீஃபண்ட் அனுப்பறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று ஒருவர் சொன்னால், வரப்போவது ரீஃபண்ட் இல்லை, இரண்டாவது நஷ்டம்.

6. <b>போலி தபால் செய்தி.</b> ஸ்டாம்ப் ஆர்டர் செய்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘உங்கள் பார்சல் வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் திருத்துங்கள்’ என்று தபால் துறை பெயரில் குறுஞ்செய்தி வருகிறது. தொடாதீர்கள்! இப்படிப்பட்ட செய்தி போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024-லேயே எச்சரித்திருக்கிறது. தபால் துறையின் தளம் என்றால் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று வால் வரை பாருங்கள். தலையில் ‘இந்தியா போஸ்ட்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

7. <b>விற்கும்போதும் உஷார்.</b> ‘உங்க கிட்ட இருக்கற பழைய ஸ்டாம்ப்பை மூணு லட்சத்துக்கு எடுத்துக்கறோம், முன்பணமா வரி மட்டும் கட்டிடுங்க’ என்பதும் ஒரு தொழில். பழைய காசு, நோட்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கட்டணம் கேட்டார்கள். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. வாங்க வருகிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அவன் வாங்க வந்தவனே இல்லை.

<b>தபால்காரரே கொண்டுவந்து கொடுப்பார்</b>

முகையூர்ப் பையனுக்கு இதையெல்லாம்விட சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ‘பிலாட்டலி டெபாஸிட் கணக்கு’. குறைந்தபட்சம் 200 ரூபாய் கட்டி இந்தக் கணக்கைத் தொடங்கலாம். புதிதாக ஸ்டாம்ப் வெளியாகும்போது, கேட்டு வைத்த எண்ணிக்கையை வீட்டுக்கே அனுப்பிவிட்டு, விலையைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் இதற்கென்று பிலாட்டலி பீரோ இருக்கிறது. நம் பக்கத்தில் எங்கே கணக்குத் தொடங்கலாம் என்று விழுப்புரம் தலைமை அஞ்சலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். நெற்றியில் எழுதிய விலைக்கு அசல் சரக்கு. விற்பவர் அரசாங்கம், கொண்டுவருபவர் தெரிந்த தபால்காரர்!

அந்தக் கணக்குக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துக்கொண்டே ஸ்டாம்ப் சேகரிக்கும் மாணவர்களுக்காக ‘தீன் தயாள் ஸ்பர்ஷ் யோஜனா’ என்ற உதவித்தொகையை அஞ்சல் துறை 2017-ல் ஆரம்பித்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், அதாவது மாதம் 500. விண்ணப்பிக்க, பள்ளியில் பிலாட்டலி கிளப் உறுப்பினராக இருக்க வேண்டும். கிளப் இல்லாத பள்ளியா? பையன் பெயரில் டெபாஸிட் கணக்கு இருந்தால் போதும். வினாடி வினா, ஸ்டாம்ப் பற்றிய ஒரு புராஜெக்ட் என்று தேர்வு நடக்கும். எவனோ முகம் தெரியாதவனுக்குப் போகவிருந்த 499 ரூபாயில், இந்தக் கணக்கை இரண்டு பிள்ளைகளுக்குத் தொடங்கிவிட்டு, மீதியில் ஆல்பமும் லென்ஸும் பார்க்கலாம்!

பழைய ஸ்டாம்ப்தான் வேண்டும் என்றால், தெரிந்தவர்களிடம் காட்டிப் பழகுவதே பாதுகாப்பு. சென்னையில் 1956-ல் தொடங்கிய தென்னிந்திய பிலாட்டலிஸ்ட்ஸ் அசோசியேஷன் போன்ற சங்கங்களில் மூத்த சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நாம் லென்ஸ் வைத்து அரை மணி நேரம் தேடுவதை அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

<b>பணம் போயே போய்விட்டதா?</b>

வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைக்காதீர்கள். ஏமாற்றுகிறவனின் பெரிய மூலதனமே நம்முடைய வெட்கம்தான். ‘ஐந்நூறு ரூபாதானே, வெளியில சொன்னா சிரிப்பாங்க’ என்று ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டால், அவனுக்கு ஐந்து லட்சம்!

உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணம் கை மாறுவதற்குள் வழியிலேயே மடக்கி வைக்க வாய்ப்பு. கையோடு உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். விளம்பரம், பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வந்தது, ஆனால் சொன்ன பொருள் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் தபாலில் சேர்த்தார்கள் என்ற விவரம் அதன் மேல்தான் இருக்கும்.

பிள்ளை ஏமாந்துவிட்டு வந்து நின்றால் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த தடவை ஏமாந்தால் சொல்லாது. உட்கார வைத்து, போன் திரையைக் காட்டி, “ஆளு எங்க?” என்று ஒரு தரம் கேட்கக் கற்றுக்கொடுங்கள். ஸ்டாம்ப்புக்கு மட்டுமில்லை, செல்போனில் வருகிற சேலை, செருப்பு, வேலை, வரன் எல்லாவற்றுக்குமே அந்தக் கேள்வி செல்லுபடியாகும்!